கணினியில் முதலில் எழுவது யார்?

மின்வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பும் வேளையை இந்நாட்டு மக்கள் எவருக்கும் விளக்கிக் கூற வேண்டியதில்லை. 2022 ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டதை நாம் அனுபவித்திருக்கின்றோம். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்றினால் ஏற்பட்டதாகக் கூறப்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளில் ஆழ்த்தியது. இத்தகைய வேளைகளின் பின்னர் அன்புவழிபுரத்து வீடொன்றிலும், கிண்ணியாவில் ஒரு பாடசாலையிலும், மூதூரில் ஓர் அலுவலகத்திலும் கணினிகளின் பொத்தான்கள் அழுத்தப்படுகின்றன. பெரும்பாலானவை அரை நிமிடத்தில் வழமைக்குத் திரும்பிவிடுகின்றன. சில மட்டும் கறுப்புத் திரையில் இரண்டு வரி ஆங்கிலத்தைக் காட்டிவிட்டு அசையாது நின்றுவிடுகின்றன.

அவ்வாறு நின்ற கணினியைப் பழுதுபார்க்கக் கொண்டு சென்றால், பல இடங்களில் கிடைக்கும் பதில் ஒன்றேயாகும். “ஃபோமற் அடிக்க வேண்டும்” என்பதே அது. அதாவது வன்தட்டிலுள்ள அனைத்தையும் அழித்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாக நிறுவ வேண்டும் என்பதாகும். பிள்ளையின் செயற்றிட்ட அறிக்கையும், சங்கத்தின் கணக்கேடும், மறைந்துபோன உறவினரின் புகைப்படங்களும் அத்துடன் போய்விடுகின்றன. உண்மையில் இக்கணினிகள் பலவற்றில் அந்தக் கோப்புகளுக்கு எந்தத் தீங்கும் நேர்ந்திருப்பதில்லை. பொத்தானை அழுத்தியதற்கும் திரை ஒளிர்வதற்கும் இடைப்பட்ட சங்கிலியில் ஒரு கண்ணி மட்டுமே அறுந்திருக்கும். அந்தச் சங்கிலி யாது, அதில் யார் முதலில் எழுந்து யாரை எழுப்புகின்றார் என்பதை அறிந்திருப்பது கணினித்துறையினருக்கு மட்டும் உரிய விடயமன்று. அதனாலேயே அதனை இங்கு விரிவாக நோக்க விழைகின்றோம்.

தன்னைத் தானே தூக்குதல்

கணினியின் தொடக்கத்தில் ஒரு முரண்பாடு இருக்கின்றது. கணினியில் எந்தவொரு செய்நிரலையும் நினைவகத்தில் ஏற்றி இயக்குவது பணிசெயல் முறைமையின் வேலையாகும். விண்டோஸ், லினக்ஸ், அன்ட்ரொயிட் என்பன யாவும் பணிசெயல் முறைமைகளே. ஆனால் பணிசெயல் முறைமையும் ஒரு செய்நிரல்தான். கணினி அணைந்திருக்கும்போது அது வன்தட்டில் உறங்கிக்கொண்டிருக்கின்றது. நினைவகமோ மின்சாரம் நின்றவுடன் தான் வைத்திருந்த அனைத்தையும் இழந்துவிடுவது. அவ்வாறாயின் மற்றவற்றை ஏற்றுகின்ற இதனை ஏற்றுவது யார்?

மின்துறையிலும் இதே வினா உண்டு. நாடு முழுவதும் இருளடைந்த பின்னர் நுரைச்சோலை போன்ற பெரிய அனல்மின் நிலையத்தை எடுத்த எடுப்பில் இயக்கிவிட முடியாது. அதன் பம்பிகளையும் காற்றாடிகளையும் சுழற்றுவதற்கே வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும். ஆகவே சிறிதளவு மின்சாரத்துடன் தாமாக இயங்கத் தொடங்கக்கூடிய நீர்மின் நிலையங்களே பொதுவாக முதலில் எழுப்பப்படுகின்றன. அவை தரும் மின்சாரத்தைக் கொண்டு அடுத்தது எழுகின்றது. சிறியது பெரியதை எழுப்புகின்றது. கணினியும் இவ்வழியையே பின்பற்றுகின்றது. தன் சப்பாத்தின் வாரைத் தானே பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொள்ளுதல் என்று பொருள்படும் ஆங்கில வழக்கிலிருந்தே ‘பூட்’ என்ற சொல் கணினித்துறைக்கு வந்தது.

பொத்தான் அழுத்தப்பட்டதும் மத்திய முறைவழியாக்க அலகு ஒரு குறிப்பிட்ட முகவரிக்குச் சென்று அங்குள்ள கட்டளையை வாசிக்கும்படி உற்பத்தியின்போதே அமைக்கப்பட்டுள்ளது. அந்த முகவரியில் இருப்பது தாய்ப்பலகையின் சிறு சில்லொன்றில் பதிக்கப்பட்ட நிலைபொருளாகும். மின்சாரம் இல்லாவிடினும் அது அழிவதில்லை. 1981 ஆம் ஆண்டு ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினியில் இது ‘பயோஸ்’ எனப் பெயர் பெற்றது. இன்றைய கணினிகளில் அதன் இடத்தை ‘யூஇஎஃப்ஐ’ என்னும் புதிய அமைப்பு பிடித்துள்ளது. நினைவகம் இருக்கின்றதா, விசைப்பலகை இருக்கின்றதா, வன்தட்டு இருக்கின்றதா என்று பார்ப்பதே இதன் முதல் வேலையாகும். திரை ஒளிராமல் ‘பீப் பீப்’ என்ற ஒலி மட்டும் கேட்குமாயின், சங்கிலி இந்த முதற் கண்ணியிலேயே நின்றுவிட்டது என்பது பொருள். பெரும்பாலும் நினைவகத் தகடு தன் இடத்தில் சரியாகப் பொருந்தாதிருக்கும். வன்தட்டுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

அடுத்து, பணிசெயல் முறைமையை எங்கே தேடுவது என்ற கேள்வி எழுகின்றது. பழைய பயோஸ் முறையில் வன்தட்டின் முதற் பகுதியிலுள்ள 512 பைட்டுகள் மட்டுமே வாசிக்கப்பட்டன. அவற்றுள்ளும் கட்டளைகளுக்கென 446 பைட்டுகளே ஒதுக்கப்பட்டிருந்தன. தமிழில் ஒரு சிறு பந்தியை எழுதுவதற்கும் போதாத அந்த இடத்தில் இருந்த நிரலின் கடமை, தன்னைவிடப் பெரிய இன்னொரு நிரலைத் தேடி எழுப்புவது மட்டுமேயாகும். யூஇஎஃப்ஐ முறையில் இத்தகைய நெருக்கடி இல்லை. வன்தட்டில் அதற்கென ஒதுக்கப்பட்ட பகுதியொன்றில் சாதாரணக் கோப்புகளாகவே இந்நிரல்கள் வைக்கப்படுகின்றன.

முதலில் எழுபவனைக் கைப்பற்றினால் பின்னால் எழும் அனைவரையும் கைப்பற்றிவிடலாம் என்ற உண்மை நெடுங்காலத்திற்கு முன்னரே அறியப்பட்டுவிட்டது. ஐபிஎம் வகைக் கணினிகளின் முதல் வைரஸ் எனக் கருதப்படும் ‘பிரெய்ன்’ 1986 ஆம் ஆண்டில் பாகிஸ்தானின் லாகூர் நகரில் இரு சகோதரர்களால் எழுதப்பட்டது. அது நெகிழ்தட்டின் இந்தத் தொடக்கப் பகுதியிலேயே குடியேறியது. கணினி வேறெதையும் ஏற்றுவதற்கு முன்னர் அது ஏறிவிட்டது.

ஏற்றியும் கருவகமும்

நிலைபொருள் எழுப்பும் நிரல் ‘பூட் லோடர்’ எனப்படும். நாம் அதனை ஏற்றி என்போம். லினக்ஸ் கணினிகளில் பெரும்பாலும் ‘கிரப்’ என்னும் ஏற்றியே இவ்வேலையைச் செய்கின்றது. ஒரே கணினியில் இரண்டு பணிசெயல் முறைமைகள் இருப்பின் எது வேண்டும் என்று பயனரிடம் கேட்பதும் இதுவேயாகும். தமிழ்நாட்டில் 2011 ஆம் ஆண்டு தொடங்கிய மாணவர்களுக்கான இலவச மடிகணினித் திட்டத்தின்போது விண்டோஸுடன் ‘பொஸ் லினக்ஸ்’ என்ற முறைமையும் சேர்த்து வழங்கப்பட்டது. இந்திய அரசின் சீ-டாக் நிறுவனம் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்காக உருவாக்கிய முறைமை இது. 2007 ஆம் ஆண்டில் முதன்முதல் வெளிவந்தது. விண்டோஸை எழுப்புவதா, லினக்ஸை எழுப்புவதா என்ற தெரிவு அம்மாணவர்களின் விரலிடம் விடப்பட்டது. ஒரு கணினி எந்த முறைமையுடன் விற்கப்பட்டதோ அதனுடன்தான் ஆயுள் முழுவதும் இயங்கவேண்டும் என்ற எண்ணம் தவறானது என்பதை விளங்கிக்கொள்ள இவ்வுதாரணம் போதுமானது.

ஏற்றியின் கடமை, பணிசெயல் முறைமையின் கருவகத்தை நினைவகத்திற்குக் கொண்டுவந்து அதனிடம் கணினியை ஒப்படைப்பதாகும். ‘கேர்னல்’ எனப்படும் இக்கருவகமே கணினியின் நினைவகத்தையும் வன்பொருளையும் நேரடியாக ஆளுகின்றது. லினக்ஸ் கருவகத்தின் முதல் வடிவத்தை 1991 ஆம் ஆண்டில் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டார். இடத்தைச் சிக்கனப்படுத்துவதற்காக வன்தட்டில் அது சுருக்கிக் கட்டப்பட்டே இருக்கும். நினைவகத்திற்கு வந்ததும் தன்னைத் தானே விரித்துக்கொண்டு வேலையைத் தொடங்குகின்றது.

இங்கும் கோழி முந்தியா முட்டை முந்தியா என்னும் கதை மீண்டும் எழுகின்றது. வன்தட்டை வாசிப்பதற்குக் கருவகத்திற்குச் ‘செலுத்தி’ என்னும் துணை நிரல் தேவைப்படலாம். அந்தச் செலுத்தியோ வன்தட்டிலேயே இருக்கின்றது. இதற்கு ஒரு தீர்வு காணப்பட்டுள்ளது. ஏற்றியானது கருவகத்துடன் ஒரு சிறு பொதியையும் நினைவகத்திற்குக் கொண்டுவருகின்றது. அவசியமான செலுத்திகளையும் சில கருவிகளையும் கொண்ட தற்காலிகக் கோப்பு முறைமையே அப்பொதி. யாத்திரை போகின்றவர் முதல் வேளைக்கான கட்டுச்சோற்றைக் கையிற் கொண்டுபோவது போன்றது இது. உண்மையான வன்தட்டு கிடைத்ததும் இந்தத் தற்காலிக ஏற்பாடு கைவிடப்படுகின்றது.

மின்சாரம் திடீரென நின்றுபோன கணினி மீண்டும் எழும்போது அதிக நேரம் எடுப்பதற்கான காரணமும் இக்கட்டத்தையொட்டியே அமைகின்றது. எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் நின்றிருக்கலாம். ஆகவே வன்தட்டின் ஏடுகள் சரியாக உள்ளனவா என்று சோதிக்கப்படுகின்றன. அச்சோதனையின்போது பொறுமையிழந்து பொத்தானை மீண்டும் அழுத்தி அணைப்பது, காயத்திற்குக் கட்டுப்போடும்போது கையை உதறுவதற்கு ஒப்பானதாகும்.

முதலாவது செயன்முறை

வன்தட்டில் உறங்கும்போது நிரல் எனப்படுவது, நினைவகத்தில் ஏறி இயங்கும்போது செயன்முறை எனப்படுகின்றது. ஏட்டில் எழுதிய சமையற் குறிப்புக்கும் அடுப்பில் நடக்கும் சமையலுக்கும் உள்ள வேறுபாடே இவ்விரண்டுக்கும் உரியது. இயங்கும் ஒவ்வொரு செயன்முறைக்கும் கருவகம் ஓர் இலக்கத்தை வழங்குகின்றது.

லினக்ஸ் கருவகம் தன் ஆயத்தங்களை முடித்தபோது அதுவே பூச்சியம் என்னும் இலக்கத்தைப் பெற்ற செயன்முறையாக இருக்கின்றது. அது முதலில் இருவரைப் படைக்கின்றது. ஒருவர் இலக்கம் 1, மற்றவர் இலக்கம் 2. அதன் பின்னர் பூச்சியம் ஓய்வு நிலைக்குச் சென்று, செய்வதற்கு வேறு வேலை இல்லாத வேளைகளில் மட்டும் இடத்தை நிரப்பிக்கொண்டிருக்கின்றது. இரண்டாவது செயன்முறை கருவகத்தின் உள்வேலைகளுக்கான ஊழியர்களின் மூதாதையாகும். நாம் காண்கின்ற, பயன்படுத்துகின்ற அனைத்துக்கும் மூதாதை முதலாவது செயன்முறையே.

இந்த ஏற்பாடு லினக்ஸுக்கு முந்தியது. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி ஆகியோர் உருவாக்கிய யூனிக்ஸ் முறைமையில் 1971 ஆம் ஆண்டளவிலேயே ‘இனிட்’ என்ற பெயருடன் இது இடம்பெற்றிருந்தது. தொடக்கம் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கமே இனிட் ஆகும். யூனிக்ஸ் மரபில் ஒரு செயன்முறை பிறப்பதற்கு ஒரே வழிதான் உண்டு. ஏற்கெனவே உள்ள செயன்முறை தன்னைப்போல் ஒன்றைப் பிரதி எடுக்கின்றது. அப்பிரதி பின்னர் வேறொரு நிரலை அணிந்துகொண்டு தனது வழியே செல்கின்றது. எனவே ஒவ்வொன்றுக்கும் பெற்றோர் உண்டு. பெற்றோரின் வழியே மேலே சென்றால் இறுதியில் இனிட்டை அடையலாம். பெற்றோர் முந்தி மறைந்துவிட்டால் அநாதையாகும் பிள்ளைகளைப் பொறுப்பேற்பதும், முடிந்துபோன செயன்முறைகளின் எச்சங்களை ஏட்டிலிருந்து அகற்றுவதும் பொதுவாக இனிட்டின் கடமையாகும்.

இத்தகைய ஒன்று இல்லாமற் போனால் என்ன நேரும்? வேறு கட்டளை எதுவும் இல்லாதபோது லினக்ஸ் கருவகம் முதலாவது செயன்முறைக்கான நிரலை நான்கு இடங்களில் வரிசையாகத் தேடுகின்றது. நான்கிலும் கிடைக்காவிடின் ‘பனிக்’, அதாவது பீதி, என்று அறிவித்துவிட்டு நின்றுவிடுகின்றது. இயங்கிக்கொண்டிருக்கும்போது முதலாவது செயன்முறை இறந்துபோனாலும் இதே கதிதான். கருவகம் எவ்வளவு வலிமை வாய்ந்ததாயினும் அது தனக்காக இயங்குவதில்லை. பயனருக்கான வேலைகளைத் தொடங்கிவைக்க ஒருவரும் இல்லையாயின் தான் இருப்பதற்கு அர்த்தமில்லை என்பதே அதன் நிலைப்பாடு.

விண்டோஸிலும் பெயர்கள் வேறுபட்டாலும் ஒழுங்கு ஏறத்தாழ இதுவே. அங்கு கருவகம் எழுப்பும் முதற் பயனர்நிலைச் செயன்முறை ‘எஸ்எம்எஸ்எஸ்’ எனப்படும் அமர்வு முகாமையாளர் ஆகும். அது ‘சீஎஸ்ஆர்எஸ்எஸ்’, ‘வின்இனிட்’, ‘வின்லொகொன்’ ஆகியவற்றை எழுப்ப, அவை சேவைகளையும் கடவுச்சொல் கேட்கும் திரையையும் எழுப்புகின்றன. இவற்றுள் இன்றியமையாத ஒன்று இறந்தால் வருவதே நாமறிந்த நீலத்திரை.

நம்மவர் பலரின் கையிலுள்ள அன்ட்ரொயிட் தொலைபேசியும் லினக்ஸ் கருவகத்தின்மீதே இயங்குகின்றது. அங்கும் முதலாவது செயன்முறையின் பெயர் இனிட். அது ‘சைகோட்’ என்றொரு செயன்முறையை எழுப்புகின்றது. கருவுற்ற முட்டை என்பது அச்சொல்லின் பொருள். செயலிகள் அனைத்துக்கும் பொதுவாகத் தேவைப்படுவனவற்றை முன்கூட்டியே ஏற்றிவைத்துக்கொண்டு அது காத்திருக்கின்றது. வட்ஸ்அப்பைத் தொடும்போதும் தொழுகை நேரம் காட்டும் செயலியைத் தொடும்போதும் சைகோட் தன்னைப் பிரதி எடுத்து அச்செயலியைப் பிறப்பிக்கின்றது. செயலிகள் கண்ணிமைக்கும் நேரத்தில் திறப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

வரிசையா, ஒருங்கேயா?

முதலாவது செயன்முறை எழுந்தபின் செய்யவேண்டியவை பல. வலையமைப்பு, நேரம், அச்சுப்பொறி, ஒலி, தரவுத்தளம், உள்நுழைவுத் திரை என்று நூற்றுக்கு மேற்பட்ட வேலைகள் இருக்கலாம். இவற்றை எவ்வொழுங்கில் எழுப்புவது என்பது நெடுங்காலம் விவாதத்துக்குள்ளான விடயமாகும்.

யூனிக்ஸின் ‘சிஸ்டம் ஃபைவ்’ பதிப்பின் வழிவந்த பழைய முறையில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சிறு கட்டளைக் கோப்பு இருந்தது. கோப்பின் பெயரிலேயே வரிசை எண்ணும் இருந்தது. ஒன்று முடிந்த பின்னரே அடுத்தது. எளிமையானது, எவரும் திறந்து வாசித்து விளங்கக்கூடியது. ஆயினும் தாமதமானது. அன்னதானச் சமையலானாலும் கந்தூரிச் சமையலானாலும் சோறு வெந்த பின்னர்தான் கறிக்கு வெங்காயம் உரிக்க வேண்டும் என்று எவரும் நிற்பதில்லை. ஒன்றையொன்று சாராத வேலைகள் ஒரே வேளையில் நடைபெறலாம். சார்ந்தவை மட்டுமே காத்திருக்க வேண்டும்.

இவ்வெண்ணத்தில் அப்பிள் நிறுவனம் 2005 ஆம் ஆண்டில் ‘லோஞ்ச்டி’யையும், உபுண்டு 2006 ஆம் ஆண்டில் ‘அப்ஸ்டார்ட்’டையும் கொண்டுவந்தன. 2010 ஆம் ஆண்டில் லெனார்ட் பொட்டரிங், கே சிவர்ஸ் ஆகியோர் ‘சிஸ்டம்டி’யை அறிமுகப்படுத்தினர். எது எதைச் சார்ந்துள்ளது என்பதை ஒவ்வொரு சேவையும் எழுதிவைக்கின்றது. முதலாவது செயன்முறை அவற்றை வாசித்து, இயன்றவரை அனைத்தையும் ஒருங்கே எழுப்புகின்றது. சேவைகள் எழுவதற்கு முன்னரே அவற்றின் வாசல்களைத் தானே திறந்துவைத்து, வருகின்ற கோரிக்கைகளைக் காத்திருக்கச் செய்வது இதன் சிறப்பாகும். ஒரு சேவை இடையில் விழுந்துவிட்டால் அதனை மீண்டும் எழுப்பவும் இதனால் முடியும்.

இந்நாட்டு அனுபவத்தில் இதன் அவசியத்தை எளிதில் உணரலாம். 2004 ஆழிப்பேரலையின் பின்னர் இலங்கைத் தன்னார்வலர்கள் சில வாரங்களில் உருவாக்கிய ‘சஹானா’ என்ற அனர்த்த முகாமைத்துவ மென்பொருள் பின்னர் உலகின் வேறு நாடுகளிலும் பயன்பட்டது. காணாமற்போனோரின் பதிவுகளையும் முகாம்களின் விபரங்களையும் தாங்கி நிற்கும் அத்தகைய கணினி, மின்சாரம் வந்தவுடன் எவரும் தொடாமலே எழுந்திருக்க வேண்டும். முதலில் வன்தட்டு, பின்னர் தரவுத்தளம், அதன் பின்னர் வலைச்சேவை என்ற ஒழுங்கு தவறினால் கணினி இயங்கும், ஆனால் தேடுபவருக்குப் பதில் கிடைக்காது.

ஆயினும் சிஸ்டம்டி எதிர்ப்பின்றி ஏற்கப்படவில்லை. ஒரு வேலையைச் செய்ய வேண்டிய நிரல் எல்லா வேலைகளையும் தன்னிடம் குவித்துக்கொள்கின்றது என்பது எதிர்ப்பாளரின் குற்றச்சாட்டாகும். டெபியன் அமைப்பின் தொழில்நுட்பக் குழுவில் 2014 பெப்ரவரியில் வாக்குகள் சமமாகப் பிரிந்து, தலைவரின் தீர்மான வாக்கினாலேயே சிஸ்டம்டி தெரிவுசெய்யப்பட்டது. அதிருப்தியுற்றோர் அதே ஆண்டில் ‘டெவுவான்’ என்ற தனி முறைமையை அறிவித்துப் பிரிந்து சென்றனர். உபுண்டு தனது அப்ஸ்டார்ட்டைக் கைவிட்டு டெபியனைப் பின்பற்றியது. ஒரு கணினிக்குள் முதலில் எழுவது யார் என்ற வினாவுக்காக அமைப்புகளே இரண்டாகப் பிளந்தன என்பது, அவ்வினாவின் கனதியைக் காட்டுகின்றது.

நம்பிக்கையின் விலை

முன்னால் நிற்பவரின் தவறு பின்னால் நிற்கும் அனைவரையும் வீழ்த்தும். 2024 ஜூலை 19 ஆம் திகதி உலகம் இதனைக் கண்டது. ‘கிரவுட்ஸ்ட்ரைக்’ என்ற நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள் விண்டோஸ் எழும்போதே கருவகத்துடன் சேர்ந்து எழும்படி அமைக்கப்பட்டிருந்தது. தீய நிரல்களுக்கு முன்னர் எழவேண்டும் என்பதே அதன் நோக்கம். அன்று அனுப்பப்பட்ட சிறு இற்றைப்படுத்தற் கோப்பிலிருந்த பிழையினால் கணினிகள் எழுவதும் வீழ்வதுமாகச் சுழன்றன. மைக்ரோசொப்ட்டின் மதிப்பீட்டின்படி 85 இலட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டன. விமானங்கள் நின்றன. வைத்தியசாலைகளும் வங்கிகளும் தடுமாறின. பரிகாரமோ ஒரே ஒரு கோப்பை அழிப்பதாகும். எனினும் கணினி எழாதபடியால் தூரத்திலிருந்து அதனைச் செய்ய இயலவில்லை. பெரும்பாலான இடங்களில் ஒவ்வொரு கணினியின் முன்னும் ஒரு மனிதர் சென்று அமர வேண்டியிருந்தது.

அதே ஆண்டின் மார்ச் மாதத்தில் இன்னொரு ஆபத்து மயிரிழையில் தவிர்க்கப்பட்டது. ‘எக்ஸ்இஸட்’ என்ற சுருக்க நிரலில் ஒருவர் இரகசியக் கள்ளவழி ஒன்றைப் புகுத்தியிருந்தார். அதன் இலக்கு, தூரத்திலிருந்து கணினியில் நுழையப் பயன்படும் சேவையாகும். இவ்விரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் “நான் எழுந்துவிட்டேன்” என்று அச்சேவை முதலாவது செயன்முறையாகிய சிஸ்டம்டிக்கு அறிவிப்பதற்காகச் சில லினக்ஸ் வெளியீடுகளில் சேர்க்கப்பட்டிருந்த இணைப்பின் வழியே கள்ளவழி உள்ளே சென்றது. உள்நுழைவு அரை விநாடி தாமதிப்பதை அவதானித்து, காரணம் தேடிச் சென்ற ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியியலாளரே அதனை வெளிப்படுத்தினார்.

இத்தகைய ஆபத்துகளுள் தொடக்கத்திலேயே நுழைவனவற்றைத் தடுப்பதற்காக, 2012 ஆம் ஆண்டில் விண்டோஸ் 8 வெளியானதிலிருந்து ‘செக்கியூர் பூட்’ என்ற ஏற்பாடு பரவலாகியது. எழுப்பப்படும் ஒவ்வொரு நிரலும் அங்கீகரிக்கப்பட்ட ஒப்பத்தைத் தாங்கியுள்ளதா என்று நிலைபொருள் சோதிக்கின்றது. பாதுகாப்பு என்ற வகையில் இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் அந்த ஒப்பத்தின் சாவி பெரும்பாலான கணினிகளில் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் வசமே இருக்கின்றது. லினக்ஸின் ஏற்றிகளும் பொதுவாக அந்நிறுவனத்தின் ஒப்பத்தைப் பெற்றே வருகின்றன. நாம் விலைகொடுத்து வாங்கிய கணினியில் எது எழலாம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை யாருடையது என்ற வினா இங்கு எழாமல் இருக்க முடியாது.

முதற் சொற்கள் நம் மொழியில் இல்லை

தமிழ் பேசும் மக்களாகிய நமக்கு இதில் இன்னொரு விடயமும் உண்டு. இன்று கணினியிலும் தொலைபேசியிலும் தமிழ் தங்குதடையின்றி வழங்குகின்றது. ஆனால் கணினி எழும் கணங்களில் தமிழ் இல்லை. நிலைபொருளும் ஏற்றியும் கருவகமும் பேசுவது பெரும்பாலும் ஆங்கிலமே.

இதற்கு அலட்சியம் மட்டும் காரணமன்று. லினக்ஸின் எழுத்துத் திரை 256 அல்லது 512 எழுத்துருவங்களை மட்டுமே தாங்கக்கூடியது. ஒவ்வொரு எழுத்தையும் ஒரு கட்டத்தில் வைத்து இடமிருந்து வலமாக அடுக்குவது மட்டுமே அதற்குத் தெரியும். தமிழிலோ ‘கெ’ என்று எழுதும்போது, ஒலிப்பில் பின்னால் வரும் உயிரின் குறி மெய்யின் முன்னால் நிற்கின்றது. ‘கொ’ என்னும்போது இருபுறமும் நிற்கின்றது. இதனைச் சரிவர அமைப்பதற்குத் தனியான நிரல் வேண்டும். அந்நிரல் வரைகலைத் திரையுடன் சேர்ந்து பின்னரே எழுகின்றது. அரபு எழுத்துகளுக்கும் இவ்வாறே. சொல்லின் முதலிலும் இடையிலும் கடையிலும் அவை வெவ்வேறு வடிவம் கொள்வதாலும், வலமிருந்து இடமாகச் செல்வதாலும் அந்தத் திரையில் அவை செம்மையாக அமைவதில்லை.

இதன் விளைவு யாது? கணினி நலமாக இருக்கும்போது நம்முடன் தமிழில் பேசுகின்றது. அது துன்பத்தில் விழும் வேளையிலோ நமக்குப் பழக்கமில்லாத மொழியில் முனகுகின்றது. விளங்காத வரிகளைக் கண்டு அஞ்சுகின்றவர், கேட்ட முதல் ஆலோசனைக்கே இணங்கி எல்லாவற்றையும் அழிக்கச் சம்மதிக்கின்றார்.

ஆகவே நான்கு நிலைகளை நினைவிற் கொள்வது பயன்தரும். திரையே ஒளிராமல் ஒலி மட்டும் வந்தால் கோளாறு பெரும்பாலும் வன்பொருளில். தொடக்கத்துக்குரிய சாதனம் எதுவும் இல்லை என்ற பொருளில் ஒரு வரி வந்தால், வன்தட்டின் இணைப்போ ஏற்றியோ பழுதடைந்துள்ளது. கருவகம் பீதி என அறிவித்தால் அல்லது விண்டோஸ் நீலத்திரை காட்டினால், செலுத்தியொன்றையோ முதற் செயன்முறைகளுள் ஒன்றையோ ஐயுற வேண்டும். உள்நுழைவுத் திரை வந்த பின்னர் நின்றால், பின்னால் எழும் சேவையொன்றே காரணமாகலாம். திகதி ஒவ்வொரு முறையும் பின்னோக்கிச் சென்று இணையத்தளங்கள் திறக்க மறுத்தால், தாய்ப்பலகையின் காசு வடிவச் சிறு மின்கலத்தை மாற்றுவதே போதும்.

இவற்றுள் இரண்டாம், மூன்றாம், நான்காம் நிலைகளில் வன்தட்டு உயிருடன் இருப்பின், லினக்ஸ் பதித்த பென்டிரைவ் ஒன்றிலிருந்து கணினியை எழுப்பலாம். அவ்வேளை முதலாவது செயன்முறை பென்டிரைவிலிருந்து வருகின்றது. வன்தட்டு வெறும் களஞ்சியமாகக் காட்சியளிக்கின்றது. கோப்புகளை வேறிடத்திற்குப் பிரதி எடுத்த பின்னர் வேண்டுமாயின் அழிக்கலாம். வன்தட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் மட்டும் மீட்புச் சாவி இன்றி இது கைகூடாது. அச்சாவியை முன்னரே எழுதிவைத்திருத்தல் அவசியமாகும்.

இவ்வறிவின் தேவை இப்போது மேலும் கூடியுள்ளது. விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 கோரும் பாதுகாப்புச் சில்லு பழைய கணினிகள் பலவற்றில் இல்லை. பாடசாலைகளிலும் நூலகங்களிலும் சனசமூக நிலையங்களிலும் நன்கொடையாகக் கிடைத்த இத்தகைய கணினிகளைக் குப்பையில் இடுவதா என்ற கேள்வி எழுந்துள்ளது. அவற்றில் ஏற்றியை மாற்றி, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை எழுப்பினால் இன்னும் சில ஆண்டுகள் பயன்பெறலாம். விண்டோஸை மட்டுமே ஏற்கும் மென்பொருட்கள் சில உள்ளன என்பதையும், பழக்கத்தை மாற்றுவது எளிதன்று என்பதையும் மறுப்பதற்கில்லை. எனினும் தெரிவு ஒன்று இருக்கின்றது என்பதையாவது நமது ஆசிரியர்களும் மாணவர்களும் அறிந்திருக்க வேண்டும்.

பாடசாலைகளில் தகவல் தொழினுட்பம் கற்பிக்கும் ஆசிரியர்கள், ஆவணம் தயாரிப்பதையும் அட்டவணை வரைவதையும் கற்பிப்பதோடு அமையாது, வருடத்தில் ஒரு நாளாவது பழைய கணினியொன்றைத் திறந்துவைத்து, அது எழும் ஒழுங்கைத் தமிழில் விளக்கி, பென்டிரைவிலிருந்து அதனை எழுப்பிக் காட்ட முன்வரவேண்டும். அதற்குப் பெருஞ்செலவு எதுவும் இல்லை. அந்த ஒரு நாள் பாடத்தைக் கற்ற பிள்ளை, தன் வீட்டாரின் பல்லாண்டு காலக் கோப்புகளைக் காப்பாற்றிக் கொடுக்கக் கூடும்.